ஓடாமையும் சான்றே: பிபிசி மைக்ரோவில் பழைய மென்பொருளை மீள இயக்குதலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

1980களின் வீட்டுக் கணினிகளுக்கென எழுதப்பட்ட மென்பொருள்கள் இன்று மூன்று வகையில் இடர்ப்படுகின்றன. அவை பதியப்பட்ட ஊடகம் சிதைகிறது. அவற்றை இயக்கிய கருவி பழுதுறுகிறது. அவ்விரண்டும் நலமாக இருக்கும்போதும் சில நிரல்கள் ஓட மறுக்கின்றன. இக்கட்டுரை மூன்றாம் வகையையே முதன்மையாகக் கருதுகிறது. பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கணினியை மையமாகவும், சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், கமடோர் 64 ஆகியவற்றை ஒப்புநோக்காகவும் கொண்டு, ஒரு நிரல் எங்கே நின்றுபோகிறதோ அவ்விடமே அது எத்தகைய கருவியை எதிர்பார்த்து எழுதப்பட்டது என்பதற்குச் சான்றாகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பிபிசி மைக்ரோ, வீட்டுக் கணினி, ஒலிநாடா, நெகிழ்வட்டு, படியெடுப்புத் தடை, எமுலேட்டர், டூம்ஸ்டே திட்டம், கிளாஸ் திட்டம்

முன்னுரை

ஒலிநாடாவிலிருந்து குறையின்றி ஓடிய ஒரு நிரலை நெகிழ்வட்டுக்கு மாற்றி, அதே பிபிசி மைக்ரோவில் மீண்டும் ஏற்றினால் அது பெரும்பாலும் ஓடுவதில்லை. நிரலில் ஒரு பைட்டும் மாறவில்லை. கணினியும் அதுவே. ஆயினும் திரையில் பிழைச்செய்தி தோன்றுகிறது, அல்லது கணினி உறைந்து நிற்கிறது. 1980களில் பிரிட்டனில் நெகிழ்வட்டு இயக்கி வாங்கியோர் பலரும் எதிர்கொண்ட சிக்கல் இது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அதே கணினியை உயிர்ப்பிக்க முயல்வோரும் முதலில் முட்டிக்கொள்வது இதிலேயேயாம்.

மென்பொருள் என்பது பைட்டுகளின் வரிசை. அவ்வரிசையைப் பிழையின்றிப் படியெடுத்துவிட்டால் மென்பொருள் காக்கப்பட்டுவிட்டது என்பது பொதுவாக நிலவும் கருத்து. ஓலைச்சுவடிப் பதிப்போடு ஒப்பிட்டுப் பழகியவர்க்கு இக்கருத்து இயல்பானதாகத் தோன்றும். ஆனால் அவ்வொப்புமை ஓரெல்லை வரையே செல்லும். சுவடியின் எழுத்தைக் கண்ணால் படிக்கலாம். படித்ததும் பாடம் கிடைத்துவிடுகிறது. நிரலின் பைட்டுகளைப் படித்தவர்க்கு நிரல் கிடைப்பதில்லை. அது ஓடியாக வேண்டும். ஓடுவதற்கு அது தன்னுள் எங்கும் எழுதிவைக்காத பல செய்திகளை நம்பியிருக்கிறது: நினைவகத்தின் எந்த முகவரி காலியாக இருக்கும், ஒரு கட்டளைக்கு எத்தனை கடிகாரச் சுழற்சிகள் ஆகும், தொலைக்காட்சி வினாடிக்கு எத்தனை முறை திரையைப் புதுப்பிக்கும் என்பன போன்றவை. எழுதியவர்க்கு அவை சூழலின் பகுதியாக இருந்தமையால் எழுதத் தேவையின்றிப் போயின.

பிபிசி மைக்ரோ: கருவியும் அதன் நினைவகமும்

பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் தன் கணினி எழுத்தறிவுத் திட்டத்திற்காகக் கேம்பிரிட்ஜின் அக்கார்ன் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததன் விளைவே பிபிசி மைக்ரோ. 1981 டிசம்பரில் வெளிவந்த இக்கணினியின் வடிவமைப்பில் ஸ்டீவ் ஃபர்பரும் சோஃபி வில்சனும் முதன்மைப் பங்காற்றினர். அதன் பேசிக் மொழியை வில்சன் எழுதினார். 1982 ஜனவரியில் ‘தி கம்ப்யூட்டர் புரோகிராம்’ என்னும் தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. 16 கிலோபைட் நினைவகம் கொண்ட ‘ஏ’ வகை, 32 கிலோபைட் கொண்ட ‘பி’ வகை என இரண்டு இருந்தன; பள்ளிகளில் நிலைத்தது ‘பி’ வகையே. 6502 குடும்பத்துச் செயலி 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. பெரும்பாலான வீட்டுக் கணினிகளைக் காட்டிலும் இஃது ஏறத்தாழ இரு மடங்கு வேகம்.

இங்கே கவனிக்க வேண்டியது நினைவகப் பங்கீடு. 32 கிலோபைட் என்பது 32,768 பைட். ஆனால் திரையில் காண்பதும் இதே நினைவகத்தில்தான் அடங்க வேண்டும். உயர் நுணுக்கத் திரைநிலைகளான 0, 1, 2 ஆகியவை ஒவ்வொன்றும் 20 கிலோபைட்டை எடுத்துக்கொண்டன. எஞ்சிய 12,288 பைட்டில் முதல் 3,584 பைட் இயங்குதளத்தின் பணியிடம். ஆக, ஒலிநாடாவை மட்டும் பயன்படுத்தியவருக்கு நிரல் எழுதக் கிடைத்தது 8,704 பைட்.

நிரல் தொடங்கும் முகவரியை ‘பேஜ்’ என்னும் மாறி குறித்தது. ஒலிநாடாக் கணினியில் அதன் மதிப்பு 3,584. நெகிழ்வட்டு இயக்கியைச் சேர்த்ததும் வட்டுக் கோப்புமுறை தனக்கெனப் பதினொரு பக்கங்களை, அதாவது 2,816 பைட்டை, எடுத்துக்கொண்டது. ‘பேஜ்’ 6,400 ஆயிற்று. திரைநிலை 2-இல் எழுதப்பட்ட நிரலுக்கு எஞ்சுவது 5,888 பைட் மட்டுமே. ஒலிநாடாவுக்கென எட்டு கிலோபைட்டுக்கு மேல் எழுதப்பட்ட நிரல் அங்கே அடங்காது. இயந்திர மொழியில் எழுதப்பட்டதாயின் நிலைமை இன்னும் கடினம். அத்தகைய நிரல் குறிப்பிட்ட முகவரிக்கென்றே தொகுக்கப்பட்டிருக்கும். இடம் மாறினால் ஒரு கட்டளையும் பொருந்தாது.

இதற்குக் கண்ட தீர்வு எளியதாயினும் நுட்பமானது. நிரலை முதலில் வட்டிலிருந்து 6,400ஆம் முகவரியில் ஏற்ற வேண்டும். பின்னர் ஒலிநாடாக் கோப்புமுறைக்கு மாறும் கட்டளையை இட்டு வட்டுக் கோப்புமுறையை உறங்கச்செய்ய வேண்டும். அதன் பின் ஒரே வரியில் எழுதப்பட்ட சுழற்சி, நான்கு நான்கு பைட்டாக நிரல் முழுவதையும் 3,584ஆம் முகவரிக்கு இறக்கிவைக்கும். ‘பேஜ்’ மதிப்பைத் திருத்தி ஓடவிட்டால் நிரல் ஓடும். வட்டு மட்டும் மீண்டும் கணினியைத் தொடங்கும்வரை பயன்படாது. ஆகவே இடையில் அடுத்த பகுதியை ஏற்றிக்கொள்ளும் பலபகுதி நிரல்களுக்கு இம்முறை உதவவில்லை. அவற்றுக்கு ஒவ்வொன்றாகத் தனித்தனியே வழி காண வேண்டியிருந்தது.

இன்று மீட்கப்படும் நெகிழ்வட்டுகளில் இவ்வகை இறக்கிவைக்கும் வரியைக் கொண்ட சிறு நிரல்கள் அடிக்கடி காணப்படுகின்றன. வெளியீட்டாளர் எழுதாத, உரிமையாளரால் சேர்க்கப்பட்ட வரி அது. நூலின் விளிம்பில் வாசகர் எழுதிய குறிப்புக்கு நிகரானது. அந்நிரல் முதலில் ஒலிநாடாவில் வாங்கப்பட்டது, அவ்வீட்டிற்குப் பின்னரே வட்டு இயக்கி வந்தது என்பதை அவ்வொரு வரி சொல்லிவிடுகிறது. ‘தூய’ மூலத்தைத் தேடும் ஆர்வத்தில் இவ்வரிகளை நீக்கிவிட்டுப் பதிவேற்றும் வழக்கம் வருந்தத்தக்கது.

இச்சிக்கலுக்குப் பிற்காலத்தில் கிடைத்த விடைகளும் வரலாற்றின் பகுதியே. 1986இல் வந்த பிபிசி மாஸ்டர், கோப்புமுறையின் பணியிடத்தைத் தனி நினைவகத்துக்கு மாற்றி, வட்டோடு இயங்கும்போதும் ‘பேஜ்’ மதிப்பை 3,584இல் நிறுத்தியது. பழைய ‘பி’ வகைக் கணினியில் இன்று நினைவக அட்டையைப் பொருத்தி அதையே வட்டாகப் பயன்படுத்துவோர்க்கும் இத்தேர்வு உள்ளது. அம்மென்பொருளின் ஒரு வடிவம் வழக்கம்போல் 6,400ஐக் கோருகிறது. மற்றொரு வடிவம் கூடுதல் நினைவகத்தில் தன் பணியிடத்தை அமைத்துக்கொண்டு 3,584ஐ விட்டுக்கொடுக்கிறது. மறைந்த ஊடகமாகிய ஒலிநாடாவின் முகவரியே இன்றைய கருவியின் வடிவமைப்பையும் ஆள்கிறது.

ஒலியிலிருந்து எழுத்து

ஒலிநாடாவில் தரவு ஒலியாகவே பதியப்பட்டது. பிபிசி மைக்ரோவில் 1,200 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு சுழற்சி சுழியத்தையும், 2,400 ஹெர்ட்ஸ் ஒலியின் இரு சுழற்சிகள் ஒன்றையும் குறித்தன. கணினிக்குள் இருந்த சிறு மின்சுவிட்சு நாடா இயக்கியின் மோட்டாரைத் தேவைப்படும்போது ஓட்டி நிறுத்தியது. அது எழுப்பும் ‘டிக்’ ஒலி அக்காலப் பயனர்க்கு நன்கு பழகியது.

கோப்பு 256 பைட் கொண்ட தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு தொகுதியும் தன் பெயரையும் வரிசை எண்ணையும் சரிபார்ப்பு எண்ணையும் தாங்கிநின்றது. படிப்பில் பிழை நேர்ந்தால் நாடாவைப் பின்னோக்கிச் சுற்றுமாறு கணினி கேட்கும். பழுதான தொகுதியிலிருந்து மீண்டும் படிக்கலாம். இதனோடு ஸ்பெக்ட்ரத்தை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1982 ஏப்ரலில் வெளிவந்த ஸ்பெக்ட்ரம் மலிவான கணினி. அதன் நாடா முறையும் சிக்கனமானது. 19 பைட் தலைப்பை அடுத்துக் கோப்பு முழுவதும் ஒரே தொடராக வரும். இறுதியில் ஒரே ஒரு சரிபார்ப்பு பைட். நாற்பதாயிரம் பைட் நிரலின் கடைசி நொடியில் நாடா நடுங்கினாலும் பிழைச்செய்தி தோன்றி முயற்சி முழுவதும் வீணாகும்.

இவ்வடிவமைப்பு வேறுபாடு இன்று மீட்புப் பணியின் தன்மையையே மாற்றிவிடுகிறது. பிபிசி நாடா ஒன்றின் இரு பிரதிகள் வெவ்வேறிடங்களில் பழுதுற்றிருந்தால், ஒன்றில் நலமாக உள்ள தொகுதிகளையும் மற்றதில் நலமாக உள்ளவற்றையும் சேர்த்து முழு நிரலை அமைக்கலாம். ஒவ்வொரு தொகுதியின் சரிபார்ப்பு எண்ணும் அதற்குச் சான்று கூறும். ஸ்பெக்ட்ரம் நாடாவில் எந்த இடம் பழுது என்பதை நாடாவே சொல்லாது. இரு பிரதிகளையும் பிட் பிட்டாக ஒப்பிட்டே அறிய வேண்டும். அதுவும் இரண்டும் ஒரே இடத்தில் சிதையாதிருந்தால்தான் பயன்படும்.

நாடாவைப் படிப்பதில் முதன்மையான இடையூறு, படிப்புத் தலையின் சாய்வு. பதிந்த இயக்கியின் தலையும் படிக்கும் இயக்கியின் தலையும் ஒரே கோணத்தில் இல்லாவிடில் உயர் அதிர்வெண் ஒலி மங்கிவிடும். 2,400 ஹெர்ட்ஸ் சமிக்ஞையே முதலில் தேயும். சிறு திருப்புளியால் தலையின் திருகைச் சற்றே திருப்பி, ஒலி கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துவது அக்காலச் சிறுவர்களுக்கும் கைவந்த செயல். வீட்டில் பதிந்த நாடாவைப் படிக்கும் ஆய்வாளர் அந்த வீட்டு இயக்கியின் கோணலையே மீண்டும் உண்டாக்க வேண்டியவராகிறார். தொழிற்சாலை அளவுக்குச் சீர்செய்த உயர்தர இயக்கி இங்கு எப்போதும் சிறந்த கருவியன்று.

கருவியின் பழுது பற்றி ஒன்று மட்டும் கூறி அமையலாம். பிபிசி மைக்ரோவின் மின்வழங்கியில் மின் இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் உள்ளன. அவற்றின் ஒளிபுகும் மேலுறை ஆண்டுக்கணக்கில் வெடிப்புற்று ஈரத்தை உள்வாங்கும். பல்லாண்டு உறங்கிய கணினிக்கு மின்சாரம் தந்த சில நிமிடங்களில் அவை புகைந்து வெடிப்பது பரவலாக அறியப்பட்டது. எனவே அவற்றை மாற்றாமல் மின்சாரம் தரலாகாது என்பது இத்துறையினரின் முதல் விதி.

காலமே திறவுகோலாக

நினைவகத்தை அடுத்து நிரல்கள் நம்பியிருந்தது காலத்தை. டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் எழுதி 1984 செப்டம்பரில் அக்கார்ன்சாஃப்ட் வெளியிட்ட ‘எலைட்’ விளையாட்டு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. விண்வெளிக் காட்சிக்குக் கூர்மையான கோடுகள் தேவை. கீழுள்ள கருவிப் பலகைக்கு வண்ணங்கள் தேவை. பிபிசி மைக்ரோவின் திரைநிலை 4 கூர்மையைத் தரும், இரு வண்ணங்களே தரும். திரைநிலை 5 நான்கு வண்ணம் தரும், கூர்மையைப் பாதியாக்கும். இரண்டையும் ஒரே திரையில் காட்ட அக்கணினியின் கையேடு வழி சொல்லவில்லை.

ஆசிரியர்கள் 6522 சில்லில் உள்ள காலக்கணிப்பானைப் பயன்படுத்தினர். தொலைக்காட்சியின் மின்கற்றை மேலிருந்து கீழாகத் திரையை வரைந்துவரும்போது, கருவிப் பலகை தொடங்கும் வரியை அது எட்டும் கணத்தில் காலக்கணிப்பான் செயலியை இடைமறிக்கும். செயலி திரைநிலையை மாற்றும். அடுத்த சட்டம் தொடங்குமுன் மீண்டும் பழைய நிலைக்கு மாற்றும். வினாடிக்கு ஐம்பது முறை இது நிகழும். திரையின் அகலத்தையும் 256 புள்ளிகளாகக் குறைத்து, காட்சிக்கு ஏறத்தாழ 8 கிலோபைட்டே செலவாகுமாறு செய்தனர். 32 கிலோபைட்டில் அவ்விளையாட்டு அடங்கியதற்கு இச்சிக்கனமும் ஒரு காரணம்.

இந்நுட்பத்தில் பொதிந்துள்ள எடுகோள், வினாடிக்கு ஐம்பது சட்டம் காட்டும் பால் வகைத் தொலைக்காட்சி. அமெரிக்காவில் அறுபது. பிபிசி மைக்ரோவை அமெரிக்கச் சந்தைக்கு அனுப்ப அக்கார்ன் முயன்றபோது, அங்குள்ள தொலைக்காட்சிக்கு ஏற்பத் திரையின் உயரத்தை 256 வரியிலிருந்து 200 வரியாகக் குறைத்தது. பிரிட்டனில் எழுதப்பட்ட பல மென்பொருள்கள் அதனால் பாதிப்புற்றன. அவ்வணிக முயற்சி தோற்றதற்குப் பல காரணங்கள் உண்டு. தன் சொந்த மென்பொருள் நூலகத்தோடு அக்கணினி கொண்ட உறவு அறுந்ததையும் அவற்றுள் ஒன்றாகக் கொள்ளலாம். கமடோர் 64இல் இதே சிக்கல் இன்னும் பரவலாக எழுந்தது. ஐரோப்பிய வகையில் ஒரு சட்டத்துக்கு 312 வரி, வரிக்கு 63 சுழற்சி. அமெரிக்க வகையின் பிற்காலப் பதிப்பில் 263 வரி, வரிக்கு 65 சுழற்சி. கணக்கிட்டு எழுதப்பட்ட ஐரோப்பிய நிரல் அமெரிக்கக் கணினியில் தடுமாறும். அதைத் திருத்தித் தருவதையே தம் பணியாகக் கொண்ட ஆர்வலர் குழுக்கள் அக்காலத்திலேயே இயங்கின.

காலத்தை நம்பியதன் உச்சநிலை ‘நைட்ஷேட்’ விளையாட்டின் பிபிசி பதிப்பில் காணப்படுகிறது. அதன் படியெடுப்புத் தடை நிரல், மறைகுறியாக்கப்பட்ட பைட்டுகளை 6522 காலக்கணிப்பானின் ஓடிக்கொண்டிருக்கும் மதிப்புகளோடு கலந்து விடுவிக்கிறது. ஒரு கட்டளைக்கு ஒரு சுழற்சி கூடினாலோ குறைந்தாலோ காலக்கணிப்பானின் மதிப்பு மாறும், விடுவிக்கப்பட்ட பைட் பிழையாகும், நிரல் சிதறும். இங்கே திறவுகோல் எந்த ஊடகத்திலும் எழுதப்படவில்லை. உண்மையான கணினி ஓடும் வேகமே திறவுகோல். பின்னாளில் எமுலேட்டர் எழுதியோர், செயலியின் சுழற்சியையும் காலக்கணிப்பானின் நடத்தையையும் நுட்பமாகப் பொருத்தும்வரை இத்தகைய நிரல்கள் தொடங்கவே மறுத்தன. பழைய பூட்டு, புதிய எமுலேட்டரின் துல்லியத்தை அளக்கும் உரைகல்லாயிற்று.

கருவியின் கையேட்டில் இல்லாத நடத்தைகளையும் நிரல்கள் நம்பின. 6502 செயலியில் ஆவணப்படுத்தப்படாத கட்டளைகள் சில இருந்தன. அவற்றைப் பயன்படுத்திய நிரல்கள், பிபிசி மாஸ்டரில் பொருத்தப்பட்ட திருத்திய செயலியில் ஓடவில்லை. ஸ்பெக்ட்ரத்தின் தொடக்கப் பதிப்பிலும் மூன்றாம் பதிப்பிலும் விசைப்பலகையைப் படிக்கும்போது பயன்படாத ஒரு பிட் வெவ்வேறு மதிப்புத் தந்தது. அதைக் கவனியாது எழுதிய நிரல் பழைய பலகையில் ஓடும். புதியதில் விசை அழுத்தப்பட்டதாகவே எண்ணிக்கொண்டிருக்கும். ஒரு நிரல் எந்தப் பலகையில் எழுதப்பட்டது என்பதை வேறு ஆவணம் இல்லாதபோதும் இவ்வாறு அறியலாம்.

பூட்டும் படியும்

படியெடுப்புத் தடை பற்றிய வரலாற்றில் ஒரு முரண் உண்டு. மென்பொருளைக் காக்கவென்று போட்ட பூட்டே அதன் அழிவுக்குப் பெருங்காரணமாயிற்று.

பிபிசி மைக்ரோவின் முதல் வட்டு இயக்கிகள் இன்டெல் 8271 சில்லால் ஆளப்பட்டன. பின்னர் வந்த 1770 சில்லு அதனினின்று பெரிதும் வேறுபட்டது. இயங்குதளத்தின் வழியே வட்டைப் படித்த நிரல்களுக்கு இம்மாற்றம் தெரியாது. ஆனால் பூட்டுள்ள வட்டுகள் 8271 சில்லோடு நேரே பேசி, வழக்கத்துக்கு மாறாக எண்ணிடப்பட்ட தடங்களையும், அழிக்கப்பட்டதாகக் குறியிட்ட பகுதிகளையும் தேடின. கணினியை மேம்படுத்திய உரிமையாளர், தாம் விலைகொடுத்து வாங்கிய வட்டே ஓடாததைக் கண்டார்.

கமடோர் 64இன் 1541 வட்டியக்கி தனக்கென ஒரு செயலியைக் கொண்ட தனிக் கணினி. அதற்குள்ளேயே நிரலை அனுப்பி ஓடவைக்கலாம். தடங்களுக்கு இடையில் எழுதுதல், வேண்டுமென்றே பிழை பதித்தல் எனப் பூட்டுகள் பெருகின. ஒரு வட்டின் உள்ளடக்கத்தை 174,848 பைட்டாகப் படியெடுக்கும் பரவலான கோப்புவடிவம், வட்டிலுள்ள தரவைக் காக்கும். தரவைச் சுற்றிய காந்தக் குறிகளைக் காக்காது. பூட்டோ அக்குறிகளில்தான் இருந்தது. எனவே நெடுங்காலம் புழங்கியவை பூட்டு உடைக்கப்பட்ட படிகளே. உடைத்தோர் தம் குழுப்பெயரை அறிவிக்கும் முகப்புக் காட்சியைச் சேர்த்தனர். சில வேளை நிரலைச் சுருக்கினர். சில வேளை ஏற்றுத்திரையை நீக்கினர். மூலம் மறைந்து, இடைச்செருகல் மலிந்த படி மட்டும் எஞ்சும் நிலை பதிப்பாசிரியர்க்குப் புதியதன்று. அதற்காக அப்படிகளைப் புறக்கணிப்பதும் முறையன்று. அந்நிரல் எவ்வாறு கைமாறியது, யாரால் ஆடப்பட்டது என்பதற்கு அவையே நேரடிச் சான்று.

இந்நிலையை மாற்றியது காந்தப் பாய்வைப் பதியும் முறை. கிரையோஃபிளக்ஸ், கிரீஸ்வீசல் போன்ற கருவிகள் வட்டின் பைட்டுகளைப் பொருள்கொள்ள முயல்வதில்லை. படிப்புத் தலைக்குக் கீழே காந்தத் திசை மாறும் ஒவ்வொரு கணத்தின் இடைவெளியையும் பதிகின்றன. பொருள்கொள்ளுதல் பின்னர் நடைபெறும். தவறினால் மீண்டும் முயலலாம். வட்டை மறுமுறை தொட வேண்டியதில்லை. பைட் என்பது ஏற்கெனவே ஒரு பொருள்கோடல் என்னும் புரிதல் இம்முறைக்கு அடிப்படை.

பூட்டு வட்டிலேயே இல்லாத நிலையும் உண்டு. 1985இல் வந்த ‘எலைட்’டின் ஸ்பெக்ட்ரம் பதிப்புடன் ‘லென்ஸ்லாக்’ என்னும் பிளாஸ்டிக் வில்லை தரப்பட்டது. திரையில் துண்டு துண்டாகச் சிதறித் தோன்றும் எழுத்துகளை அதன் வழியே நோக்கினால் அவை ஒன்றுகூடும். அவற்றைத் தட்டச்சிட்டால்தான் நிரல் திறக்கும். தொலைக்காட்சியின் அளவுக்கு ஏற்பத் திரைவடிவத்தை முதலில் சரிசெய்ய வேண்டும். சில பெட்டிகளில் வேறொரு விளையாட்டுக்குரிய வில்லை தவறுதலாக இடப்பட்டதால் வாங்கியோர் உள்ளே நுழையவே இயலாது போயிற்று. நாடாவின் ஒவ்வொரு பிட்டையும் காத்தவரிடமும் அவ்வில்லை இல்லையெனில் அப்பதிப்பு முழுமையாக இல்லை.

சட்டத்தின் நிலை இவற்றுக்கு மெல்லவே ஈடுகொடுத்தது. 1999இல் ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் ஸ்பெக்ட்ரத்தின் உள்ளமை நிரலை, உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, எமுலேட்டர்களோடு பகிர இசைந்தது. 2003இல் அமெரிக்காவில், மூல ஊடகத்தையோ கருவியையோ கட்டாயமாகக் கோரும் வழக்கொழிந்த வடிவிலான நிரல்களின் பூட்டைத் திறப்பதற்கு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து விலக்களிக்கப்பட்டது.

டூம்ஸ்டே: ஒரு நாட்டின் பதிவு

இதுவரை கூறியவை பெரும்பாலும் விளையாட்டுகள். இழப்பின் அளவை நாடறியச் செய்தது வேறொரு திட்டம். 1086இல் இங்கிலாந்தில் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலப்பதிவேட்டின் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி, பிபிசி 1986இல் புதிய டூம்ஸ்டேயை வெளியிட்டது. நாடு 4 கிலோமீட்டர் அகலமும் 3 கிலோமீட்டர் உயரமும் கொண்ட கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. பள்ளி மாணவர்களும் ஊர் அமைப்பினரும் தத்தம் கட்டத்தைப் பற்றி எழுதி, ஒளிப்படம் சேர்த்து அனுப்பினர். ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இதில் பங்கேற்றதாகக் கூறுவர். இவை ‘சமூக’ வட்டிலும், புள்ளிவிவரங்கள் முதலியன ‘தேசிய’ வட்டிலும் சேர்ந்தன.

ஊடகம் லேசர் வட்டு. படங்களும் நிலவரைபடங்களும் அதில் ஒப்புமை வகை ஒளிச்சட்டங்களாகவும், எழுத்தும் தரவும் அதே வட்டில் இலக்க வடிவிலும் பதியப்பட்டன. அதைப் படிக்கப் பிலிப்ஸ் நிறுவனத்தின் தனிவகை இயக்கியும், மாற்றியமைக்கப்பட்ட பிபிசி மாஸ்டரும் வேண்டும். மென்பொருள் பிசிபிஎல் மொழியில் எழுதப்பட்டிருந்தது. முழுத்தொகுதியின் விலை ஏறத்தாழ 5,000 பவுண்டு. எழுதிய மாணவர்களுடைய பள்ளிகளில் பலவற்றால் அதை வாங்க இயலவில்லை. தொள்ளாயிரம் ஆண்டு பழைய தோல் ஏட்டைப் படிக்க முடிகிறது, பதினைந்து ஆண்டுப் பழைய வட்டைப் படிக்க முடியவில்லை என்னும் ஒப்பீடு 2002 அளவில் பிரிட்டிஷ் இதழ்களில் பலமுறை எழுந்தது. அவ்வொப்பீடு சற்று மிகை. ஓடும் தொகுதிகள் சில அப்போதும் இருந்தன. அச்சம் உண்மையானது என்பதில் ஐயமில்லை.

லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்கள் இணைந்து நடத்திய கேமிலியான் ஆய்வுத்திட்டம் 2002இல், எமுலேட்டர் ஒன்றை விரித்து அக்கணினியையும் லேசர் இயக்கியையும் சேர்த்துப் போன்மையாக இயக்கிக் காட்டியது. 2011இல் பிபிசி சமூக வட்டின் உள்ளடக்கத்தை வலைத்தளமாக வெளியிட்டது. இவ்விரண்டும் இரு வேறு கொள்கைகள். வலைத்தளம் எழுதியதைத் தந்தது. ஆனால் நிலவரைபடத்தை அழுத்தி அழுத்தி நாட்டிலிருந்து ஊருக்கு இறங்கும் அக்காலப் பயணத்தை அது தரவில்லை. மாணவர் எழுதிய ஊர்க்குறிப்பு அப்பயணத்தின் முடிவில் காணப்படுவதற்கென்றே எழுதப்பட்டது. எமுலேட்டர் அதைத் தந்தது. ஆயினும் அதை இயக்கத் தெரிந்தவர் சிலரே. பின்னர் வந்த டூம்ஸ்டே86 முயற்சி, லேசர் இயக்கி ஒளிக்கற்றையிலிருந்து பெறும் மூலச் சமிக்ஞையையே நேரே பதியும் கருவியை உருவாக்கியது. நெகிழ்வட்டில் காந்தப் பாய்வைப் பதிந்த அதே கொள்கை இங்கு வேறோர் ஊடகத்தில் நிகழ்ந்தது.

இந்திய வகுப்பறைகளில்

பிபிசி மைக்ரோவின் வரலாறு பிரிட்டனோடு முடிவதில்லை. 1984-85இல் இந்திய அரசு தொடங்கிய பள்ளிக் கணினி எழுத்தறிவுத் திட்டம், சுருக்கமாகக் ‘கிளாஸ்’, இக்கணினியையே தெரிந்தெடுத்தது. ஏறத்தாழ 250 பள்ளிகளில் தொடங்கிய அத்திட்டத்தின் வழியே பின்னர் மாநில அரசுகள் மூலம் சுமார் 12,000 கணினிகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், ‘எஸ்சிஎல் யூனிகார்ன்’ என்னும் பெயரில் அக்கணினியை இந்தியாவில் உருவாக்கியது. எட்டாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அவை காலங்கடந்தவையெனக் கொள்ளப்பட்டு, திட்டம் புதிய வகைக் கணினிகளுக்கு மாறியது.

இந்தியத் தொலைக்காட்சியும் வினாடிக்கு ஐம்பது சட்டம் காட்டும் பால் வகையே. ஆதலின் அமெரிக்காவில் நேர்ந்த திரைச் சுருக்கம் இங்கு தேவைப்படவில்லை. பிரிட்டனின் கல்வி நிரல்களை அப்படியே ஓட்ட முடிந்தது. மீட்புப் பார்வையில் இதன் பொருள் வேறு. பிரிட்டனில் அச்சிட்டு விற்கப்பட்ட நிரல்களுக்கு இன்று பல படிகள் உள்ளன. இந்தியப் பள்ளிகளில் ஆசிரியரோ மாணவரோ எழுதிச் சேமித்த நிரல்களுக்கு, எஞ்சியிருப்பின், அந்த ஒரு நாடாவோ வட்டோ தவிர வேறு படி இருக்க வாய்ப்பில்லை. இரு பிரதிகளை ஒப்பிட்டுத் தொகுதிகளைச் சேர்க்கும் வழி அங்கு அடைபட்டுள்ளது. வெப்பமும் ஈரமும் மிக்க அறைகளில் காந்தப்பூச்சு நாடாவிலிருந்து உதிரும். பூஞ்சை படிந்த வட்டை இயக்கியில் இட்டால் வட்டும் கெடும், படிப்புத் தலையும் கெடும்.

ஆதலால் இத்தகைய ஊடகம் கிடைக்குமிடத்து வேலையின் வரிசை முக்கியமாகிறது. உறையின் மேல் கையால் எழுதிய தலைப்பும் முகவரி எண்ணும் முதலில் ஒளிப்படமாக வேண்டும். அவ்வெண் 3,584ஆ 6,400ஆ என்பது நிரலை எங்கே ஏற்ற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். அடுத்து ஊடகத்தைத் தூய்மை செய்து, மூல ஒலியையோ காந்தப் பாய்வையோ ஒரே முறையில் பதிய வேண்டும். கணினியை மின்னிணைப்பில் செருகுவது அதற்குப் பின்னரே, அதுவும் மின்வழங்கியின் பழைய மின்தேக்கிகளை மாற்றிய பிறகே.